ஒரு நாள் வெள்ளைச் சட்டை

தம்பி,

உன் வெள்ளைச் சட்டை இப்போது என் வீட்டு நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருக்கிறது. எச்.ஆர். அறை அலமாரியில் பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்ததை மத்தியானம் மேனேஜர் தன் கையாலேயே எடுத்து வந்து, பேக்கிங் பகுதி வாசலில் நின்று உதறினார். பாச்சை உருண்டை வாசனை குப்பென்று அடித்தது. யாருக்கு அளவாக இருக்கும் என்று ஆண்பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தோள் பார்த்தார். வந்து ஒரு வருசம்கூட ஆகாத பங்ளாதேஷ்காரன் ஒருவனுக்குப் பொருந்தியது. "நாளைக்கு ஆடிட் லா, அக்கா. நல்லா அயர்ன் போட்டுக் கொண்டாந்துருங்க. காலர் நிக்கணும்," என்று என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

சட்டையை மடித்து என் பையில் போட்டுக்கொண்டேன். வாயைத் திறந்திருந்தால் நல்ல வார்த்தை வந்திருக்காது.

பாக்கெட்டுக்கு மேலே பெயர் வில்லை குத்திய துளைகள் அப்படியே இருக்கின்றன. உன் பெயரும், அதன் கீழே 'பயிற்சியாளர்' என்றும் போட்ட வில்லை. சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆடிட் என்று சோதனை பார்க்க ஆள் வருகிற அன்றைக்குக் காலையில் குத்திவிட்டு, சாயங்காலம் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். மறுநாள் நீ பழையபடி நீலச் சட்டையில் என் லைனில் நிற்பாய்.

இந்த மடலை உன்னால் படிக்க முடியாது. செத்துப்போனதால் மட்டும் இல்லை. உயிரோடு இருந்தபோதே நீ தமிழ் பேசுவாய், எழுத்து தெரியாது. யாராவது உனக்கு நேப்பாளியில் சொல்லிக் காட்ட வேண்டும். ஈப்போவை ஒட்டின ஜெலாப்பாங்கில் எங்கள் கையுறை ஃபேக்டரியில் அந்த மாதிரி வேலைக்கெல்லாம் கூப்பிட ஒரே ஓர் ஆள்தான் இருந்தான். அதுவும் நீதான். அப்புறம் நான் யாரிடம் போய்க் கேட்பது? போகட்டும், தமிழிலேயே எழுதுகிறேன்.

நீ வந்த புதிதில் எங்கள் லைன் பெண்களுக்கு உன்னைப் பிடிக்கவே இல்லை. நேப்பாளிக்கும் பங்ளாவுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள். "இன்னொரு பங்ளா வந்துட்டான்டி, இனிமே நம்ம ஓவர்டைமுக்கு வேட்டுதான்," என்று உன் காதுபடவே சொன்னார்கள். நீ ஒன்றும் புரியாதவன்போல் கையுறைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாய். சில மாதம் கழித்து ஒரு நாள் கேண்டீனில் அதே பேச்சு வந்தது. நீ டீயை வைத்துவிட்டுத் திரும்பி, "அக்கா, நான் பங்ளா இல்ல, நேப்பாளி. உங்க ஓவர்டைம எடுக்க வரல. என் ஓவர்டைமே இன்னும் வரல," என்றாய். அத்தனையும் சுத்தத் தமிழில். கேண்டீனே கொல்லென்று சிரித்தது. அன்றைக்கே நீ எங்கள் ஆள் ஆகிவிட்டாய்.

நீ தமிழ் கற்றதெல்லாம் பொம்பளைகள் வாயிலிருந்துதான். அதனால்தான் முதன்முதலில் மேனேஜரிடம் தமிழில் பேசப் போனபோது, லைனில் ஒருத்தி தன் புருசனை ஃபோனில் கூப்பிடுகிற அதே இழுவையில், "என்னாங்க... கொஞ்சம் இங்க வாங்களேன்," என்றாய். அந்த மனுசன் முகம் போன போக்கு! நாங்கள் பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்துகொண்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். நீ மட்டும் என்ன தப்பு என்று தெரியாமல் பாவமாக நின்றாய். நான் விளக்கிச் சொன்னதும் காது சிவந்து போனாய். ஆனால் அடுத்த நாளும் தமிழிலேயே பேசினாய். அதுதான் உன் குணம். தப்பாகிவிடுமே என்று ஒரு பாஷையையும் நீ பாதியில் விட்டதில்லை.

உன் ஊரில் நீ பள்ளிக்கூட வாத்தியார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. மலைமேல் பள்ளிக்கூடம், பிள்ளைகள் உன்னை "சார்" என்றுதான் கூப்பிடுவார்கள் என்றாய். "எங்க ஊர்லயும் அதே வார்த்தைதான்டா," என்றேன். அந்தச் சம்பளத்தில் குடும்பம் ஓடாமல்தான் இங்கே வந்தாய். வரும்போதே நேப்பாளி, இந்தி, ஆங்கிலம் தெரியும். ஹாஸ்டலில் கூட இருந்தவர்களிடம் வங்காளம், எங்களிடம் தமிழ், லைனை மேய்க்கிற மேண்டோரிடம் மலாய். மெஷின் பழுது பார்க்க வரும் சீனக் கிழவரோடு கேண்டனீஸில் சண்டை போடுமளவுக்கு வந்துவிட்டாய். என் மகள் இணையத்தில் கொரியமொழி படித்து ஒரு சர்ட்டிபிகேட் வாங்கினாள். இன்டர்வியூவில் அதைப் பார்த்துவிட்டு "அடடே" என்று சொல்லி வேலையைக் கொடுத்தார்கள். இத்தனைக்கும் அந்த ஆபீஸில் ஒரு கொரியாக்காரன் கிடையாது. அவளுக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் உன்னைப் பார்த்து ஒருத்தர், ஒரே ஒருத்தர், "அடடே" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

சொல்லாவிட்டாலும் உன்னை வேலை வாங்கத் தெரிந்தது. காலையில் புது ஆட்கள் வரிசையில் நிற்கும்போது, எந்தத் தொட்டியில் அமிலம், எந்த வால்வைத் தொடக்கூடாது, மணி அடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்ல நீ. ஒருவனுக்கு வயிற்று வலி என்றால் ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அவனோடு வேனில் ஏற நீ. போலீஸ் பிடித்துவிட்டால் நீ. திரும்பி வந்து பார்த்தால் உன் இடத்தில் பெட்டிகள் குவிந்து கிடக்கும், "டார்கெட் முடிக்கல" என்று உனக்கே திட்டும் விழும்.

இதிலெல்லாம் பெரிய வேலை ஒன்று இருந்தது. யாராவது இறந்துபோனால் ஊருக்கு ஃபோன் போடுவது. ஒரு முறை, ஜெலாப்பாங் சாலையில் லாரி மோதி நேப்பாளி ஒருவன் போய்விட்டான். நீ ஃபோன் பேசினபோது நான் பக்கத்தில் நின்றேன். எடுத்த உடனே நீ சேதியைச் சொல்லவில்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்டாய். அப்புறம் வீட்டில் பெரியவர்கள் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து, அவர்களைக் கூப்பிடச் சொன்னாய். மெதுவாக, வாத்தியார் பாடம் சொல்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தைக்கும் இடம் விட்டுப் பேசினாய். வைத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாய்: "பொண்டாட்டிகிட்டயோ பிள்ளைகிட்டயோ நேராச் சொல்லக்கூடாது அக்கா. மாமா இருந்தா மாமாகிட்டச் சொல்லணும். உங்க பாஷையிலயும் எங்க பாஷையிலயும் மாமான்னா மாமாதான். அப்புறம், 'செத்துட்டான்'னு ஒரு வார்த்தை இருக்கு, அது ஆகாது. 'பித்னு பயோ'ன்னு சொல்லணும். நீங்க 'தவறிட்டாரு'ன்னு சொல்வீங்களே, அப்படி."

அன்றைக்கு ஃபோனைப் பாக்கெட்டில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாய். ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். அதைக் குடித்து முடிப்பதற்குள் மேண்டோர் வந்து லைனுக்குக் கூப்பிட்டுவிட்டான்.

எனக்கு இது ஒன்றும் புதிதில்லை. நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். அங்கே கணக்கெழுதுகிற கிராணிக்கு மரப்படி வைத்த தனி வீடு, எங்களுக்கு வரிசையாகக் கட்டின லயத்தில் ஒரு அறை. கிராணிக்கு அப்படி என்ன தெரியும்? துரை பேசுகிற இங்கிலீசு தெரியும், அவ்வளவுதான். என் அப்பா பால் வெட்டுகிறவர். தெலுங்குக்காரர்களோடு தெலுங்கு, கடைக்காரச் சீனரோடு சீனம், கம்பத்து மலாய்க்காரர்களோடு மலாய் பேசுவார். தோட்டத்தில் ஒரு தகராறு என்றால் கிராணியே அப்பாவைத்தான் கூப்பிட்டு விடுவார். பேசித் தீர்த்துவிட்டு அப்பா மறுபடி வெட்டுக்கத்தியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்குப் போவார். தோட்டத்தை விற்றதும் ஈப்போவில் ஒரு கட்டடத்துக்குக் காவல்காரர் ஆனார். மேலே இருக்கிறவன் பாஷை தெரிந்தால் அது படிப்பு, கீழே இருக்கிறவன் பாஷை எத்தனை தெரிந்தாலும் அது வெறும் வாய். அன்றைக்கும் இதுதான் சட்டம், இன்றைக்கும் இதுதான் சட்டம். வயிற்றெரிச்சல் என்னவென்றால், இன்றைக்கு அந்தச் சட்டம் பேசுகிற மேனேஜர் நம்ம ஆள். அவருடைய தாத்தாவும் கப்பலேறி வந்து பால் வெட்டியவர்தான். தீபாவளி விருந்தில் அதை மைக் பிடித்துச் சொல்லுவார், கண்கூடக் கலங்கும்.

பயிற்சி அதிகாரி வேலைக்கு ஆள் தேவை என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள், ஞாபகம் இருக்கிறதா? வேண்டாம் வேண்டாம் என்ற உன்னை நான்தான் இழுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். நீ உன் டிகிரியைக் காட்டினாய், வாத்தியாராக இருந்ததற்கான சான்றையும் காட்டினாய். அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அக்கா, இவன் பெர்மிட்ல ஜெனரல் வொர்க்கர்னு இருக்கு. நான் என்னா செய்ய? அந்த ஊர்ப் படிப்பு இங்க செல்லாது லா."

"படிப்பு செல்லாது சரி. தெனமும் காலையில அவன் பேசறது செல்லுதே, அது எப்படி?" என்று கேட்டேன்.

"அது சும்மா ஒரு உதவி அக்கா. ஃபேமிலி மாதிரி."

நல்ல ஃபேமிலி! வேலை கோலா கங்சாரிலிருந்து வந்த டிப்ளோமா படித்த பெண்ணுக்குப் போனது. அவளைக் குறை சொல்ல மாட்டேன், தங்கமான பிள்ளை. திரையில் படத்தைப் போட்டு மலாயில் ஒரு வரி படிப்பாள், பக்கத்தில் நீ நின்று அதை நேப்பாளியிலும் வங்காளத்திலும் தமிழிலும் சொல்லுவாய். "அண்ணே, சம்பளம் எனக்கு, வேலை உங்களுக்கு. எனக்கே கூச்சமா இருக்கு," என்று அவளே உன்னிடம் அழுதாள். அடுத்த வருசமே வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். அந்த இடத்தையும் அப்புறம் நிரப்பவில்லை. எதற்கு நிரப்ப வேண்டும்? நீதான் இருந்தாயே.

அந்தப் பதவிக்காக நீ ஏங்கினது எதற்கென்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்குத் திரும்பினதும் மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர வேண்டும் உனக்கு. இத்தனை வருசம் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். பெட்டி அடுக்கினேன் என்றால் எவன் சேர்ப்பான்? "பயிற்சி கொடுத்தார்னு கம்பெனி எழுதிக் குடுத்தாப் போதும் அக்கா. பதவிகூட வேணாம், சம்பளமும் வேணாம்," என்றாய். அதையும் போய்க் கேட்டேன். "அப்படி எழுதினா நாளைக்கு லேபர் ஆபீஸ்காரன் வந்து, பயிற்சியாளன்னா ஏன் லேபர் பெர்மிட்டுன்னு கேப்பான். எனக்குத் தலைவலி," என்றார் மேனேஜர். எழுதிக் கொடுக்க அவ்வளவு பயம். ஆடிட்காரர்கள் முன்னால் சட்டையை மாட்டி, வில்லையைக் குத்தி நிறுத்த மட்டும் ஒரு பயமும் இல்லை.

முதல் ஆடிட் அன்றைக்கு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நீ வந்து நின்றாய் பாரு, நாங்கள் அத்தனை பேரும் அசந்து போனோம். தலையை வழித்து வாரியிருந்தாய். நடையே மாறிவிட்டது. ஆடிட்டுக்கு வந்த வெள்ளைக்காரி உன் வகுப்பைப் பின்னால் நின்று பார்த்தாள். உன் ஆட்கள் கை தூக்கிக் கேள்வி கேட்டார்கள், நீ அவரவர் பாஷையில் திரும்பத் திரும்பச் சொன்னாய். நீ நடிக்கவில்லை. தினமும் செய்கிறதைத்தான் செய்தாய். அவள் உன்னை "சார்" என்றாள். கம்பெனி பாஸாகிவிட்டது. மேல்மாடியில் பிரியாணி சாப்பிட்டார்கள். உன்னை யாரும் கூப்பிடவில்லை.

சட்டையைக் கழற்றிக் கொடுப்பதற்கு முன்னால் நீ என்னிடம் ஓடிவந்தாய். "அக்கா, ஒரு போட்டோ எடுங்க, சீக்கிரம்." கார் நிறுத்துகிற இடத்தில் காகிதப்பூச் செடிப் பக்கம் நிறுத்தி எடுத்தேன். அங்கேயே நின்று வீட்டுக்கு அனுப்பினாய். அந்தப் பக்கத்திலிருந்து உன் மகள் உடனே கூப்பிட்டாள். வீடியோவில் என்னைப் பார்த்து, நீ சொல்லிக் கொடுத்தபடி, "அக்கா, சாப்டீங்களா?" என்று தமிழில் கத்தினாள். நீ அவளிடம் ஏதோ சொன்னாய். எனக்குப் புரிந்தது 'சார்' ஒன்றுதான். போட்டோவைப் பார்த்து அவர்களே அப்படி நினைத்துக்கொண்டார்களா, நீதான் சொன்னாயா, நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கப் போவதில்லை.

அப்புறம் அந்த நாள். காலை டீ நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெட்டிகள்மேல் சாய்ந்தாய். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்துவிட்டது. கோவிட்டுக்குப் பிறகு மற்ற நேப்பாளிகள் ஒவ்வொருவராக ஊருக்குப் போய், கடைசியில் நீ ஒருத்தன்தான் மிச்சம் இருந்தாய். மேனேஜர் பேக்கிங் பகுதிக்கு வந்து, "இங்க யாருக்கு நேப்பாளி தெரியும்?" என்று கேட்டார். கேட்டு முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. அவர் அந்தக் கேள்வி கேட்க வேண்டிய ஆள் ஆஸ்பத்திரியில் துணி போர்த்திக் கிடந்தான்.

உன்னை இங்கே வேலைக்குக் கொண்டுவந்து விட்ட ஏஜென்ட் ஃபோனை எடுக்கவில்லை. மேனேஜர் கைப்பேசியில் ஏதோ செயலியைத் திறந்தார். ஆங்கிலத்தில் அடித்தால் அதுவே நேப்பாளியில் பேசுமாம். சத்தம் வைத்துக் காட்டினார். ஒரு மெஷின் பொம்பளை குரல், பஸ் ஸ்டேஷனில் அறிவிப்பு சொல்கிற மாதிரி. எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "மனுசனா நீங்க? அவன் போன சேதியை அவன் வீட்டுக்கு இதுவா சொல்லும்? குடுங்க இப்படி!" என்று ஃபோனைப் பிடுங்கினேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

உன் வீட்டு நம்பரைப் போட்டேன், மணி அடித்தது. எடுத்தது உன் மகள். என் குரல் கேட்டதும், "அக்கா! சாப்டீங்களா?" என்றாள்.

நீயே சொல்லு தம்பி, அதற்கு நான் என்ன பதில் சொல்வேன்? "சாப்ட்டேன்டி தங்கம்," என்றேன். நீ அவளைக் கேட்கிற மாதிரி "கானா காயௌ?" என்று கேட்டேன். சாப்பிட்டாளாம். அப்புறம், "மாமாலாய் ஃபோன் தேவு," என்றேன். மாமாவிடம் கொடு என்று. அவள் சிரித்துக்கொண்டே "மாமா, மாமா" என்று கூப்பிட்டபடி ஓடுகிற சத்தம் கேட்டது. ஆம்பளைக் குரல் வந்தது. உன் பெயரைச் சொன்னேன். நீ விடுகிற மாதிரி கொஞ்சம் இடம் விட்டேன். "பித்னு பயோ," என்றேன். அதற்குமேல் எனக்கு நேப்பாளி தெரியாது. தெரிந்திருந்தாலும் வந்திருக்காது. அந்தப் பக்கம் அவர் அழ, இந்தப் பக்கம் நான் அழ, பாஷை தேவைப்படாமல் போய்விட்டது. அன்றைக்கு நீ ஏன் ஃபோனை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாய் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

உன்னை ஊருக்கு அனுப்பிவைத்தோம். உன் சாமான்களை நானே மடித்துப் பெட்டியில் வைத்தேன். மேனேஜர் மாலை வாங்கி வந்தார், "ஃபேமிலி மாதிரி" என்று மறுபடியும் சொன்னார். வரவேற்பறைச் சுவரில் நீ வெள்ளைச் சட்டையில் பாடம் எடுக்கிற படம் இன்னும் தொங்குகிறது. ஆடிட் அன்றைக்குக் கம்பெனி எடுத்தது. கீழே பொன்னெழுத்தில் 'எங்கள் பயிற்சியாளர்'.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் கூப்பிட்டாள். வாரத்துக்கு ஒரு தரம் கூப்பிடுவாள். அவள் பள்ளிக்கூட ஆங்கிலமும், என் ஓட்டை நேப்பாளியுமாகப் பேசிக்கொள்வோம். அன்றைக்குக் குரலில் சத்தே இல்லை. என்னடி என்றேன். உன் உடலோடு வந்த ஏஜென்ட் ஆள் ஊரில் எல்லார் எதிரிலும், உங்கப்பா லேபர்தானே என்று சொல்லிவிட்டுப் போனானாம். அதிலிருந்து பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளைக் கேலி செய்கிறார்களாம், மலேசியாவிலும் சார்தான் என்று புளுகினாய் என்று. "அக்கா, அப்பா லேபரா, சாரா?" என்று கேட்டாள்.

"சார்தான்டி. உங்கப்பா சார்தான். அந்த ஏஜென்ட் ஆளுக்கு என்ன தெரியும்?" என்றேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவே இல்லை. இந்த ஃபேக்டரியில் யார் யாரோ அமிலத்தில் கை விடாமல் இன்னும் பத்து விரலோடு நடமாடுகிறார்கள். அவர்களைக் கேட்டால் தெரியும், நீ யாரென்று.

அப்புறம் மெல்லக் கேட்டாள்: "அப்போ பெட்டியில வெள்ளைச் சட்டை இல்லையே அக்கா?"

சாமான்களைப் பிரித்தபோது அவளும் அம்மாவும் அதைத்தான் தேடியிருக்கிறார்கள், தம்பி. நீலச் சட்டைகள்தான் இருந்தன. "சலவைக்குப் போட்டிருந்தோம்டி. அனுப்புறேன்," என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். எங்கிருந்து அனுப்புவது? வாரம் முழுக்க அதே நினைப்பு. கடையில் ஒன்று வாங்கி அனுப்பலாமா என்றுகூடப் பார்த்தேன். ஆனால் போட்டோ அவளிடம் இருக்கிறது. ஊசித் துளை இல்லாத சட்டையைப் பார்த்தால் அந்தப் பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

இன்றைக்கு மத்தியானம் அதைத் தேடி என் கையிலேயே கொண்டுவந்து திணித்தார் மேனேஜர்.

துவைத்தேன், பாச்சை உருண்டை வாசனை போகிறவரைக்கும். அயர்ன் போட்டேன். காலர் நிற்கிறது. நாளைக்கு வேலைக்குப் போகிற வழியில் தபாலாபீஸ் திறக்கிறவரைக்கும் வாசலில் நிற்பேன். மேனேஜர் கேட்டால், உரியவன் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்று சொல்வேன். ஆடிட்டுக்கு வேறு சட்டை தைத்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் அந்தப் பங்ளாதேஷ்காரனுக்கு நிஜமாகவே வேலையைப் போட்டுக் கொடுக்கட்டும். எனக்கு என்ன நடந்தாலும் நடக்கட்டும்.

மடித்து வைத்துவிட்டேன், தம்பி. வில்லை இருந்த பக்கம் மேலே தெரிகிற மாதிரி.